வார்டுக்கு வந்த ஆங்கில டீச்சர்

நர்சிங் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. கல்லூரியின் இரண்டாம் மாடியில் தங்கை ஆங்கிலம் கற்பித்தாள். ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு அக்காவின் பொறுப்பில் இருந்தது. இருபத்தெட்டுக் கட்டில்கள். அங்கே எழுபது வயதுப் பெரியவர்கூட அக்காவை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். நிஜமாகவே சிஸ்டராகப் பிறந்தவள் மட்டும் அக்கா என்று கூப்பிட்டாள். அதையும் வார்டுக்குள் கூப்பிடக் கூடாது, மரியாதை போய்விடும் என்று அக்கா தடை போட்டிருந்தாள்.

டீச்சருக்கு அந்த வார்டுக்குள் போகும் ஆசையே கிடையாது. ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். சின்ன வயதில் அக்கா முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், அழுவது தங்கையாகத்தான் இருக்கும். நர்சிங் கல்லூரியில் வேலை கிடைத்தபோது, இங்கிலீஷ் புத்தகத்தில் ரத்தம் வராது என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டுதான் சேர்ந்தாள். அது உண்மையாகவும் இருந்தது. இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கான ‘செய்முறை ஆங்கிலம்: எழுத்தும் பேச்சும்’ புத்தகத்தில், ஓட்டலில் எப்படிச் சாப்பாடு கேட்பது, மலைக்குச் சுற்றுலா போனதைப் பற்றித் தோழிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று பன்னிரண்டு பாடங்கள் இருந்தன. டீச்சர் அவற்றை மனமொன்றி நடத்தினாள். கட்டுரைகளை ஒரு கமா விடாமல் திருத்தினாள். அவளுடைய சிவப்புப் பேனாவுக்குப் பயந்து பெண்கள் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதித் தப்பித்தார்கள்.

வகுப்பில் அணில் என்று ஒரு பெண். துறுதுறுவென்று இருப்பாள், படிக்கட்டில் நடந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் தோழிகள் வைத்த பெயர். எழுத்தில் எப்போதும் முதல் ஐந்துக்குள் வருவாள். ஒரு திங்கட்கிழமை காலை அவளுக்குத்தான் அக்காவின் வார்டில் பயிற்சி.

பதினான்காம் கட்டிலில் இருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். வயிற்றில் அறுவை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. போர்வையை விலக்கிய அக்கா, கட்டு நனைந்து சிவந்திருப்பதைப் பார்த்தாள். பஞ்சை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். பக்கத்தில் நின்றது அணில். மற்ற நர்ஸ்கள் அந்தக் கோடியில் இருந்தார்கள்.

அந்த டாக்டர் வெளிமாநிலத்துக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. போனில் குரல் எப்போதும் அவசரத்திலேயே இருக்கும். அணில் எடுத்தவுடன் “சாரி டாக்டர்” என்றாள். பிறகு, நோயாளி நன்றாக இல்லை என்றாள். நன்றாக இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். மிக மிக நன்றாக இல்லை என்றாள். எந்த வார்டு என்று அவர் கேட்டபோது அணில் மறுபடியும் “சாரி டாக்டர்” என்றாள். டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அக்கா, அழுத்திய கையை எடுக்காமலே, மறுபடியும் எண்ணைப் போட்டுப் போனைத் தன் காதில் வைக்கச் சொன்னாள். நாலே வாக்கியம். ஐந்தாவது நிமிடம் டாக்டர் கட்டிலருகே நின்றார். லாரி ஓட்டுநருக்கு மறுபடி தையல் போட்டு எல்லாம் சரியாயிற்று. மறுநாளே அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் லாரியின் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் அக்காவுக்கு ஆறவில்லை. அந்தத் திங்கட்கிழமையே மதிய இடைவேளையில் வண்டி நிறுத்தத்தைத் தாண்டி, இரண்டு மாடி ஏறி, ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாள். டீச்சர் ‘எனக்குப் பிடித்த பருவகாலம்’ என்ற தலைப்பில் வந்திருந்த முப்பது கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அக்கா மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அது அணிலுடையது. பத்துக்கு எட்டரை.

“இவ இன்னிக்கு என் வார்டுல நின்னு, எந்த வார்டுனு சொல்லத் தெரியாம முழிச்சா. நீ இவளுக்கு எட்டரை போட்டிருக்க.”

“அக்கா, இலக்கணம் சரியா இருந்தாத்தானே பேச்சு வரும்?”

“எனக்கு இலக்கணமே தெரியாது. டாக்டர் வந்தாரா இல்லையா?”

அறையில் இருந்த மற்ற ஆசிரியைகள் திடீரென்று தங்கள் நோட்டுகளில் மூழ்கிப்போனார்கள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. தான் சொல்லிக்கொடுப்பது பாடத்திட்டத்தில் உள்ளது, போன் பேசச் சொல்லிக்கொடுப்பது வார்டின் வேலை என்று ஏதோ சொன்னாள். அக்கா கட்டுரையை மெதுவாக அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா டீச்சரோடு இருந்தாள். அக்கா நாலு தெரு தள்ளி, கணவனோடும் மகளோடும் இருந்தாள். சண்டை வந்தால் அம்மாதான் தபால்காரி. பெரியவள் போனில் சொன்னதைச் சின்னவளிடமும், சின்னவள் முணுமுணுத்ததைப் பெரியவளிடமும், நடுவில் காரத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கே அலுத்துவிட்டது. “அவ கேட்டதுல என்னடி தப்பு? அந்தப் பொண்ணுங்க நாளைக்கு நர்ஸாதானே போகப்போறாங்க, கட்டுரை எழுதவா போறாங்க?” என்றாள்.

டீச்சர் அன்று கொஞ்ச நேரம் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கோபமில்லை, வெட்கம் என்று புரிந்தது. ஏழு வருடம் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் கற்பித்திருக்கிறாள். நர்ஸ்கள் எங்கே, யாரிடம், என்ன ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று ஒருமுறைகூடப் போய்க் கேட்டதில்லை. அக்காவுக்குத் தானே போன் போட்டாள். ஒரு வாரம் காலையில் வார்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா என்றாள்.

“வா. சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வந்து விழுந்துடாத.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஆனாலும் முதல் நாள் ஏழே கால் மணிக்கே விழப் பார்த்தாள். இரவு நர்ஸ் காலை நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் கட்டிலின் கீழே ஒரு பாட்டில் தொங்கியது. அதில் என்ன இருக்கிறது என்று டீச்சர் குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான், தரை மேலே வந்தது. அக்கா ஒரு கையால் அவளைத் துணி வண்டிமேல் உட்காரவைத்து, தலையை முட்டிக்கு நடுவே அமுக்கினாள். இன்னொரு கை சார்ட்டைப் பிடித்திருக்க, வாய் பத்தாம் கட்டிலின் காய்ச்சல் கணக்கை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நோயாளிகளில் ஒருவர், புது நர்ஸா என்று பரிவோடு கேட்டார்.

மறுநாளிலிருந்து அவள் கட்டிலுக்குக் கீழே பார்க்கவில்லை. காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டாள். ஒரு நோட்டில் வார்டில் புழங்கிய ஆங்கிலத்தையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தாள். டாக்டரிடம் போனில் சொன்னது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டது, கேஸ் ஷீட்டில் எழுதியது. ஒரு வாரத்தில் நாற்பது பக்கம் ஆயிற்று. அவற்றில் பருவகாலம் எங்குமே இல்லை. ஒன்பது வார்த்தைக்கு மேல் நீண்ட வாக்கியம் ஒன்றுகூட இல்லை. நல்ல நர்ஸ்கள் போனை எடுத்ததும் தான் யார், எந்த வார்டு, எந்தக் கட்டில் என்பதை முதலில் சொன்னார்கள். பிறகு கண்ணால் பார்த்தது. பிறகு எண்கள். கடைசியில், டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்பது. பயந்தவர்கள் எல்லோரும் ‘சாரி’யில் தொடங்கினார்கள். சாரியில் தொடங்கிய பேச்சு உருப்பட்டதாக அந்த நோட்டில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்கள் இங்கே கையில் ஒரு வேலை இருக்கும்போது ஆங்கிலத்தில் சரளமாகக் கேட்டார்கள், பதில் சொன்னார்கள். டீச்சர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபிறகுதான் தடுமாறினார்கள். அதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்தபோது நன்றாகவே வலித்தது.

அடுத்த வாரம் புத்தகத்தை மூடிவைத்தாள். முதல்வரிடம் போய், பாடத்திட்டத்தில் ‘செய்முறை’ என்றுதானே போட்டிருக்கிறது என்று வாதாடி அனுமதி வாங்கினாள். பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு கட்டிலையும், அதில் படுத்திருந்த ரப்பர் பொம்மையையும் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பொம்மைக்குப் பெண்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை படுத்தே கிடப்பான், எல்லோரும் அவனுக்கு வேலை செய்ய வேண்டும், ஒரு நன்றி கிடையாது. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டாள். ஒருத்தி நர்ஸ், டீச்சர் டாக்டர். முகத்தைப் பார்க்காமல் பேச வேண்டும், போனில் முகம் தெரியாதல்லவா.

ஆனால் டீச்சருக்கு டாக்டர் வேஷம் பொருந்தவில்லை. பெண்கள் தப்பாகச் சொன்னால் உடனே எடுத்துக்கொடுத்தாள். நடுவில் ‘பரவாயில்லம்மா’ என்றாள். உலகத்தில் எந்த டாக்டரும் போனில் அப்படிச் சொன்னதில்லை. அக்காவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மதியம் தனக்கு ஓய்வு, வருகிறேன், ஆனால் இலக்கணம் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அக்கா வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். அந்த வெளிமாநில டாக்டரின் அவசரம், பெருமூச்சு, நடுவில் வேறு யாரிடமோ பேசுவது, எல்லாம் அப்படியே வந்தன. முதல் நாள் மூன்று பேர் அழுதார்கள். மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அழுதவர்களும் பிறகு சிரித்தார்கள். ஒருத்தி, மாப்பிள்ளைக்கு ரத்தம் வருகிறது என்பதைக் கோணல்மாணலான ஆங்கிலத்தில் சொன்னாள். டீச்சரின் வாய் திருத்தத் துடித்தது. அக்கா திரும்பிப் பார்த்து, “எனக்குப் புரிஞ்சுது, நான் கிளம்பி வந்துட்டேன். நீ இன்னும் கமாவுலயே நிக்கிற” என்றாள். வகுப்பே அதிர்ந்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள்.

அதற்காக டீச்சரிடம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிடவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை ஒருத்தி மருந்தின் அளவைப் பதினைந்து என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அக்கா காதில் ஐம்பது என்று விழுந்தது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. அவள் தான் சொன்னதிலும், அக்கா தான் கேட்டதிலும் உறுதியாக நின்றார்கள். டீச்சர் நடுவில் புகுந்து, இரண்டுக்கும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பலகையில் எழுதிக் காட்டினாள். அதுவும் போதாது, எண்ணைச் சொன்னபின் ஒன்று, ஐந்து என்று தனித்தனியாகவும் சொல்லுங்கள், டாக்டர் சொல்வதையும் அப்படியே திருப்பிச் சொல்லிக் கேளுங்கள் என்றாள். அக்கா எழுந்து வந்து, கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணிடம் பேனா வாங்கி, அதைக் கையில் எழுதிக்கொண்டாள். பதினாறு வருட சர்வீஸில் இதை யாரும் தனக்குச் சொன்னதில்லை என்று போகும்போது தங்கையிடம் சொன்னாள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று வீட்டில் அம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னாள்.

எழுத்துப் பயிற்சியும் மாறியது. வாரம் ஒருமுறை, மாப்பிள்ளையின் அன்றைய நிலையை ஆறு வரிக்குள் எழுத வேண்டும். எழுதியதை வேறொருத்தியிடம் கொடுக்க வேண்டும். அவள் அதைப் படித்து மட்டும் மாப்பிள்ளைக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும். ஒருத்தியின் எழுத்தை நம்பி இன்னொருத்தி மாப்பிள்ளையின் நல்ல காலுக்குக் கட்டுப் போட்டாள். அதற்குப் பிறகு இடது வலது எழுத யாரும் மறக்கவில்லை. சிவப்புப் பேனா பையிலேயே கிடந்தது.

அணில் மட்டும் பின்வாங்கிக்கொண்டே இருந்தாள். அவள் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு டீச்சர் அவளை நிறுத்திக் கேட்டாள். தனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் டாக்டர் எதிர்க்கேள்வி கேட்டுத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது, அந்தப் பயம்தான் என்று அணில் சொன்னாள். டீச்சர் யோசித்துப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லும் வாக்கியத்தைத் தான் யாருக்குமே கற்பித்ததில்லை. உடனே ஒன்று எழுதிக்கொடுத்தாள்: தெரியவில்லை டாக்டர், இப்போதே பார்த்துச் சொல்கிறேன். இருவரும் காலி வகுப்பில் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். டீச்சர் அக்காவைப் போலப் பெருமூச்சு விட்டு, மாப்பிள்ளையைப் பற்றி யாருக்கும் பதில் தெரிய வாய்ப்பில்லாத பத்துக் கேள்விகள் கேட்டாள். பத்துக்கும் அணில் அதே வாக்கியத்தைச் சொன்னாள். ஆறாவது தடவையிலிருந்து குரல் நடுங்கவில்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். காலை பதினோரு மணி. இருபத்திரண்டாம் கட்டிலில் இருந்த அம்மாளுக்கு நாடி வேகமாக ஓடியது, உடம்பு சில்லிட்டிருந்தது. அக்கா ட்ரிப்பைச் சரிசெய்துகொண்டே அணிலைப் பார்த்தாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. அணில் போனை எடுத்தாள். தன் பெயர், வார்டு, கட்டில். பார்த்தது. நாடி நூற்றுப் பதினெட்டு, ஒன்று, ஒன்று, எட்டு. உடனே வாருங்கள். டாக்டர் சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டார். தெரியவில்லை டாக்டர், இப்போதே பார்த்துச் சொல்கிறேன் என்றாள். குனிந்து பார்த்தாள், சொன்னாள். அவர் வந்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அணிலிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த அம்மாள் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார்.

“ஒண்ணும் சொல்லலைன்னா சரியா இருந்துச்சுனு அர்த்தம்” என்று அக்கா அணிலுக்கு மொழிபெயர்த்தாள். அணில் படிக்கட்டில் தாவித் தாவி ஓடிவந்து, வேறொரு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கதவில் எட்டிப்பார்த்து, டீச்சரிடம் கட்டை விரலைக் காட்டிவிட்டு ஓடினாள். டீச்சர் அந்த மணி நேரம் முழுவதும் என்ன பாடம் நடத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தாள். வந்தவள் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அடுக்களையில் பாத்திரத்தை இடம் மாற்றிவைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நர்சிங் கண்காணிப்பாளர் பதவிக்கானது. செய்த பணிகளைப் பற்றியும், செய்ய நினைப்பதைப் பற்றியும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் படிவத்தை வாங்கி, அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்து, மடித்து வைத்துவிடுகிறாளாம். வகுப்பில் அத்தனை பேரை மிரட்டியவள், இதைச் சொல்லும்போது மேசை விரிப்பின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அன்றே உட்கார்ந்து அழகாக எழுதிக்கொடுத்தாள். நீண்ட வாக்கியங்கள், கனமான சொற்கள். அக்கா அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்தாள்.

“யாருடி இவ? எனக்கே பயமா இருக்கே இவளைப் பார்த்தா.”

டீச்சர் அதைக் கிழித்துப் போட்டாள். அக்காவை முன்னறையில் உட்காரவைத்து, தான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்து அவளுக்குப் போன் போட்டாள். நான் ஒரு டாக்டர், எனக்கு உங்களைத் தெரியாது, பதினாறு வருடமாக என்ன செய்தீர்கள், சொல்லுங்கள் என்றாள். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். இருபத்தெட்டுக் கட்டில், ஒரு வேளைக்கு நாலு நர்ஸ். காயங்களில் சீழ் பிடிப்பது குறைந்தது, எப்படிக் குறைந்தது. புது நர்ஸ்களைப் போன் பேசப் பழக்குவது, அதை எல்லா வார்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது. சின்னச் சின்ன வாக்கியங்கள். டீச்சர் கேட்டபடியே எழுதினாள். ஆங்காங்கே ஒரு வினைச்சொல்லை மட்டும் சரிசெய்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அக்காவின் மகள் நடுநடுவே வந்து, “அம்மா ஏன் முன்னறைல உக்காந்துட்டு உள்ளறைல இருக்கற சித்தியோட போன்ல பேசறாங்க?” என்று அம்மம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், அதுவே போதும் என்றாள் அம்மம்மா.

நேர்காணலன்று டீச்சர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் காத்திருந்தாள். கதவுக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. ஆனால் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள் என்பது தெரிந்தது. ஒரு இடத்தில் உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். இருபது நிமிடத்தில் வெளியே வந்தவள், பசிக்கிறது, முதலில் ஏதாவது சாப்பிடலாம் என்றாள்.

காண்டீனில் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று டீச்சர் ஆவலை அடக்கமுடியாமல் விசாரித்தாள். புதிய கணினிப் பதிவு முறையைப் பற்றிக் கேட்டார்கள், தெரியவில்லை, ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்றேன், அதற்குத்தான் சிரித்தார்கள் என்றாள் அக்கா. வேலை கிடைக்குமா என்று தெரியாது. ஆனாலும் அவள் முகம், சிக்கலான கட்டு ஒன்றைப் பிரித்துச் சுத்தமாக மறுபடி கட்டி முடித்ததுபோல இருந்தது.

பதினெட்டு நாள் கழித்து உத்தரவு வந்தது. கிடைத்துவிட்டது. அம்மா நாலு தெருவுக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வியாழக்கிழமை மதியம், கண்காணிப்பாளர் அறையில் ஃபைல்கள் குவிந்து கிடக்க, அக்கா சொன்ன நேரத்துக்கு வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். புதிதாக வந்த ஜூனியர் பெண்கள் முப்பத்திரண்டு பேர் எழுந்து நின்றார்கள். டீச்சர் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டாள்.